எட்டு வருட வளவு ஜாம்: உப்புக்காற்றில் நின்றதும் நிற்காததும்

உவர்மலையில் எங்கள் வளவில் இரண்டு கொய்யா, ஒரு விளா, ஒரு கறுத்தக்கொழும்பான் மா, கிணற்றடியில் ஒரு தேசி. 2017 இல் அம்மம்மாவுக்கு அடுப்படியில் நிற்க ஏலாமல் போனபோது அவருடைய அகப்பை என் கைக்கு வந்தது. அதன் பிறகு வீட்டில் கடை ஜாம் வாங்கவில்லை. ஜாம் காய்ச்சுவது பாதி வேலைதான். திருகோணமலைச் சூட்டிலும் உப்புக்காற்றிலும் அதைக் கெடாமல் வைத்திருப்பது மற்றப் பாதி. அதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு அதிகம் கைகொடுத்தது கொய்யா. ஜாமை இறுக வைக்கும் பெக்டின் அதில் இயற்கையாகவே நிறைய உண்டு, இறுகுவதற்கென்று எந்தத் தூளும் நான் போட்டதில்லை. ஆனால் எல்லாம் கனிந்த பழமாக எடுக்கக்கூடாது. கனியக் கனியப் பெக்டின் குறைந்துவிடும். நாலில் ஒரு பங்கு, மஞ்சள் ஏறத் தொடங்கிய செங்காயாக இருக்க வேண்டும். வெட்டி, மூடத்தக்க தண்ணீர் விட்டு அவித்து, பழைய வேட்டித் துணியில் கட்டி இரவு முழுக்கத் தொங்கவிடுவேன். அவசரப்பட்டுப் பிழிந்தால் ஜெலி கலங்கிவிடும். காலையில் ஒரு கப் சாற்றுக்கு ஒரு கப் சீனி, லீட்டருக்கு இரண்டு தேசிக்காய்ப் புளி. புளி போதாவிட்டால் பெக்டின் இருந்தும் இறுகாது.

பதம் பார்க்கத் தம்பி 2021 இல் ஒரு வெப்பமானி வாங்கித் தந்தான். கடல்மட்டத்தில் தண்ணீர் 100 பாகையில் கொதிக்கும், ஜாம் 105 ஐத் தொட்டால் சரி. ஆனாலும் அம்மம்மாவின் முறையை நான் விடவில்லை. பிரிட்ஜில் குளிர வைத்த பீரிஸில் ஒரு துளி விட்டு, விரலால் தள்ளினால் மேற்பரப்பு சுருங்க வேண்டும். அவருடைய அலுமினியத் தாச்சியைத்தான் கைவிட்டேன். புளிப்புப் பழம் அதில் நின்றால் உலோக வாடை ஏறுகிறது. இப்போது அடி தடித்த எவர்சில்வர்ச் சட்டி.

விளாம்பழ ஜாம்தான் வீட்டில் எல்லோருக்கும் பிடித்தது, வேலையும் அதில்தான் அதிகம். ஒரு அடி உயரத்திலிருந்து தரையில் போட்டுப் பார்ப்பேன். துள்ளினால் இன்னும் முற்றவில்லை. சதையைக் கரைத்து அரிதட்டில் தேய்த்து விதையும் நாரும் நீக்கவே ஒரு மத்தியானம் போய்விடும். சம அளவு சீனி சேர்த்துக் காய்ச்சும்போது பலமாகத் தெறிக்கும். நீளப் பிடி அகப்பை இல்லாமல் கிட்டப் போகாதீர்கள். மாம்பழத்தை நான் ஜாமாக்குவதில்லை. கறுத்தக்கொழும்பானைக் கையில் பிடித்துச் சாப்பிடுவதை விட்டுச் சீனியில் போட எனக்கு மனம் வருவதில்லை.

2019 இல் ஒரு பெரிய பிழை விட்டேன். மாமாவுக்குச் சலரோகம் என்று கொய்யாவுக்குச் சீனியைப் பாதியாக்கினேன். மூன்றாவது கிழமை ஐந்து போத்தலிலும் வெள்ளைப் பூஞ்சணம்.

"மேலால வழிச்சுப் போட்டுச் சாப்பிடலாம், பிள்ளை," என்றார் மாமி.

நான் முழுவதையும் கொட்டினேன். பூஞ்சணத்தின் வேர் கண்ணுக்குத் தெரியாமல் கீழே இறங்கியிருக்கும், அதன் நஞ்சும் கூடவே போயிருக்கும். ஜாமில் சீனி இனிப்புக்கு மட்டுமல்ல. மொத்தத்தில் 65 வீதம் அளவுக்குச் சேரும்போது அது நீரைப் பிடித்து வைத்துக்கொள்வதால் கிருமி வளர இடமில்லாமல் போகிறது. சீனி குறைத்துச் செய்தால் சிறிய போத்தலில் பிரிட்ஜில் வைத்து இரண்டு கிழமைக்குள் முடிக்க வேண்டும். மாமாவுக்கு இப்போது அப்படித்தான், அதுவும் அவர் ஒரு தேக்கரண்டிக்கு மேல் எடுப்பதில்லை.

அடுத்தது மூடி. கடல் இரண்டு பக்கமும் இருக்கிற இடம் இது, தகர மூடி ஒரு வருடத்தில் விளிம்பில் துருப்பிடித்துவிடும். துரு ஏறினால் காற்று புகும். போத்தலைத் திரும்பத் திரும்பப் பாவிக்கலாம், மூடியை நான் ஒரு தரத்துக்கு மேல் நம்புவதில்லை. போத்தலைப் பத்து நிமிடம் கொதிநீரில் போட்டு எடுத்து, சூடாக இருக்கும்போதே சூடான ஜாமை ஊற்றி, மூடி இறுக்கி, மறுபடி பத்து நிமிடம் கொதிநீரில் முழுக வைப்பேன். ஆற விட்டு நிரப்பிய காலத்தில் மூடியின் உட்புறம் வியர்த்து, அந்தத் துளிகள் விழுந்த இடத்திலிருந்துதான் பூஞ்சணம் தொடங்கியது. துடைத்த மூடிகளை இப்போது தேங்காயெண்ணெய் தொட்ட துணியால் வெளிப்புறம் தடவி, காற்றோட்டமான அலுமாரியில் வைக்கிறேன். துரு வருகிறதுதான், ஆனால் பிந்தி வருகிறது.

2022 இல் எரிவாயு கிடைக்காதபோது முற்றத்தில் மூன்று கல் வைத்து விறகில் காய்ச்சினோம். தீயைக் குறைக்கத் தெரியாமல் முதல் விளாம்பழச் சட்டி அடிப்பிடித்தது. இரண்டாவதில் கொள்ளிகளை வெளியே இழுத்துத் தணலில் விட்டோம். அந்த வருடம் சீனி விலையும் ஏறியதால் ஒன்பது போத்தல்தான். மெல்லிய புகைவாசத்தோடு அது பாணுக்கு நல்ல சேர்மானமாக இருந்தது. சின்னவன் இன்னும் "புகை ஜாம்" கேட்கிறான்.

இப்போது அலுமாரியில் பதினொரு போத்தல் கொய்யா ஜெலி, நாலு விளா. நேற்றுத் திறந்தது பத்து மாதத்துக்கு முன் மூடியது. மேற்பரப்பு பளிங்கு மாதிரி, மூடி "டக்" என்று திறந்தது. மாரி மழை விட்டதும் கொய்யா மறுபடி காய்க்கும். அதற்குள் இருபது புது மூடி வாங்க வேண்டும்.