சென்னை விமான நிலையம் டி2: நள்ளிரவில் பள்ளிச் சுற்றுலாவுக்குப் பிள்ளையை வழியனுப்ப எப்படி இருக்கிறது?

பள்ளி அனுப்பும் சுற்றறிக்கையில் ‘15ஆம் தேதி 00.40, சென்னை – சிங்கப்பூர்’ என்று இருந்தால், பெட்டியோடு வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டியது 14ஆம் தேதி இரவு. ‘15 ராத்திரி’ என்று காலண்டரில் வட்டம் போட்டு வைத்தால், போக வேண்டிய விமானம் முந்தின ராத்திரியே பறந்திருக்கும். அதனால் முதல் வேலை, ‘14 ஞாயிறு இரவு 9 மணி, டி2 வாசல்’ என்று கிழமையோடு ஒரு வரியை வாட்ஸ்அப் குழுவில் போடச் சொல்லிப் பள்ளியிடம் கேட்டு வாங்குவது.

சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் போகும் விமானங்களில் பல, இரவு 11 மணிக்கும் அதிகாலை 3 மணிக்கும் நடுவில்தான் சென்னையை விட்டுக் கிளம்புகின்றன. சாயங்காலம் அங்கிருந்து புறப்பட்ட விமானம் இங்கே கொஞ்ச நேரம் நின்று, விடிவதற்குள் தன் ஊர் திரும்பி, காலையில் மற்ற நாடுகளுக்குப் பறக்கும் விமானங்களுக்குப் பயணிகளைக் கைமாற்ற வேண்டும். ஒரு பள்ளிக்காக அந்த நேரம் நகராது. சுற்றுலா ஏற்பாடு செய்பவருக்கும் ஓர் இரவு ஹோட்டல் வாடகை மிச்சம். ஆக, பெற்றோர் கையில் இருப்பது இரண்டே கேள்விகள்: எப்படிப் போவது, எவ்வளவு நேரம் நிற்பது. டி2 முனையத்தை அந்தக் கண்ணோடு பார்த்து எழுதியது இது.

முதலில் வழி. 2023 ஏப்ரலில் திறந்த டி2தான் இப்போது வெளிநாட்டுப் புறப்பாடு. டி1, டி4 இரண்டும் உள்நாட்டுக்கு. டி4 பல வருடம் வெளிநாட்டு முனையமாக இருந்ததால், பழைய பழக்கத்தில் அங்கே இறக்கிவிடும் ஓட்டுநர்கள் உண்டு. ‘இன்டர்நேஷனல்’ என்று மட்டும் சொல்லாமல் ‘டி2, டிபார்ச்சர், மேல் பாலம்’ என்று சொல்லுங்கள்.

மேல் பாலத்தில் வாசலிலேயே இறங்குவது ஒரு பெட்டி, ஒரு பிள்ளை, ஓர் அம்மா என்றால் சரி. தாத்தா, பாட்டி, தங்கச்சி எல்லாம் வந்து திருநீறு பூசி அனுப்ப வேண்டும் என்றால் சரிப்படாது. வண்டியை அங்கே நிறுத்தி வைக்க விடமாட்டார்கள். ஓட்டுகிறவர் இறங்கவே முடியாது, பெரும்பாலும் அது அப்பாதான். ஐந்துக்கு இரண்டு மதிப்பெண்.

காரில் வரும் குடும்பத்துக்கு நல்ல இடம், 2022 டிசம்பரில் திறந்த பல அடுக்கு வாகன நிறுத்துமிடம். இரண்டு கட்டடங்களிலுமாக 2,000 கார்களுக்கு மேல் நிற்கும். நடுவில் உள்ள ஏரோஹப் வளாகத்தில் உட்கார்ந்து சாப்பிட இடமும் கழிப்பறையும் இருக்கின்றன. முனையத்துக்கு நடந்தே போகலாம். ஆனால் இரண்டு கட்டடங்களும் ஒரே மாதிரி இருப்பதால், திரும்பி வரும்போது தூக்கக் கலக்கத்தில் எந்தக் கட்டடம், எந்தத் தளம் என்று தடுமாறுவது சகஜம். வண்டியை விட்டதும் தளத்தின் எண்ணையும் பக்கத்துத் தூணின் எண்ணையும் சேர்த்து ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். நுழைவுச் சீட்டைப் பிள்ளையின் பையில் மட்டும் வைக்காதீர்கள். அது சிங்கப்பூர் போய்விடும், நீங்கள் வெளியேறும் வழியில் நிற்பீர்கள். கட்டணம் மணிக்கணக்கில் ஏறும், அவ்வப்போது மாறவும் மாறும். உள்ளே நுழையும்போதே பலகையைப் படித்துவிடுங்கள். நான்கு மதிப்பெண்.

மெட்ரோவுக்குப் பாதி மதிப்பெண்தான், காரணம் கணக்கு. ரயில் ஓடுவது காலை 5 மணியிலிருந்து இரவு 11 மணி வரை. 00.40 விமானத்துக்கு 9 மணிக்கு வரச் சொன்னால் போகவும் ஆகும், பத்தரைக்குள் நடைமேடையில் நின்றால் திரும்பவும் ஆகும். அதிகபட்சக் கட்டணமே 50 ரூபாய் என்பதால் கால் டாக்சியோடு ஒப்பிடவே வேண்டாம். 02.00 விமானம் என்றால் போக மட்டும் மெட்ரோ. காலை 6 மணி விமானத்துக்கு அதிகாலை 3 மணிக்கே வரச் சொல்வார்கள், அப்போது மெட்ரோவை மறந்துவிடலாம்.

பள்ளியே பேருந்து விட்டால் அதில் அனுப்புவதுதான் இருப்பதிலேயே நிம்மதி. இரவு எட்டு மணிக்குப் பள்ளி வாசலில் தலை எண்ணி ஏற்றினால், விமான நிலையத்தில் நாற்பது குடும்பங்கள் நாற்பது திசையில் நிற்கும் குழப்பமே கிடையாது. இதற்குப் பெற்றோர் கூட்டத்திலேயே அழுத்திக் கேட்க வேண்டும். ஆளுக்குச் சில நூறு ரூபாய் கூடுதலாகக் கேட்டாலும் கொடுக்கலாம், தப்பில்லை.

உள்ளே விடும் வாசலில் மத்திய தொழில் பாதுகாப்புப் படையினர் பாஸ்போர்ட்டையும் டிக்கெட்டையும் ஒவ்வொருவராகப் பார்ப்பார்கள். பார்வையாளர் சீட்டு வாங்கி உள்ளே போகலாம் என்ற நம்பிக்கையில் வராதீர்கள். குழு தேங்குவதும் இங்கேதான். எல்லாப் பாஸ்போர்ட்டையும் ஒரு துணிப்பையில் வைத்திருக்கும் ஆசிரியை, பெயர் கூப்பிட்டுக் கூப்பிட்டு வாசலில் நின்று கொடுத்தால் அரை மணி நேரம் போயே போச்சு. பாஸ்போர்ட்டும் அந்தப் பிள்ளையின் பெயர் உள்ள டிக்கெட் பக்கமும் ஒரே ஜிப் உறையில், முந்தின நாளே தயாராக இருக்க வேண்டும்.

நம் ஊர்ப் பெயர்களுக்கே உரிய சிக்கல் ஒன்று. தமிழ்ப் பிள்ளைகள் பலருக்குப் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலி. சிலருக்கு அப்பா பெயர் அங்கே இருக்கும், பள்ளிப் பதிவேட்டிலோ வெறும் இனிஷியல். பள்ளி தன் பட்டியலை அப்படியே ஏஜென்ட்டுக்கு அனுப்பினால் டிக்கெட்டில் ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் ஒரு பெயர். இரவு பத்து மணிக்குக் கவுன்ட்டரில் இதைத் திருத்துவது பெரும்பாடு. டிக்கெட் போடும் முன்பே பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பி, ‘இதில் உள்ளபடி’ என்று எழுதிவிடுங்கள். துபாய் என்றால் இன்னும் கவனம்: பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களைச் சுற்றுலா விசாவில் அனுமதிப்பதில்லை என்று 2022 நவம்பரில் அமீரகம் விதி கொண்டுவந்தது. திரும்பும் நாளுக்குப் பிறகும் பாஸ்போர்ட் ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். சிறுவர் பாஸ்போர்ட் பொதுவாக ஐந்தே வருடம்தான் என்பதால் இதில் மாட்டுகிறவர்கள் அதிகம்.

சாப்பாடு. ஏழரைக்கு வீட்டில் வயிறு நிறையத் தயிர் சாதம் சாப்பிட்டாலும், வரிசையில் நின்று பாதுகாப்புச் சோதனை முடிய பதினொன்று ஆகும், திரும்பப் பசிக்கும். மலிவு விமானங்களில் முன்பதிவு செய்யாமல் உணவு கிடைக்காது. நல்லெண்ணெய் விட்டுப் பொடி தடவிய நான்கு இட்லி, அலுமினியத் தாளில் இறுக்கிச் சுற்றி, மேலே ஒரு வாழையிலைத் துண்டு. இதைத் தடுக்கமாட்டார்கள். சட்னி, சாம்பார், ஊறுகாய் மூன்றும் கைப்பையில் வேண்டாம். 100 மில்லிக்கு மேல் எந்தத் திரவமும் உள்ளே போகாது. தண்ணீர் பாட்டிலைக் காலியாகக் கொடுத்துவிடுங்கள், உள்ளே நிரப்பிக்கொள்ளலாம். பத்து ரூபாய் டீக்குப் பெயர் வாங்கிய உடான் யாத்ரி கஃபே 2025இல் திறந்தது டி1இல். டி2 வழியாகப் போகிறவர்களுக்கு அதனால் பயனில்லை.

பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும், செக்-இன் பெட்டியில் கூடவே கூடாது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், ஸ்கூட் விமானங்களில் 2025 ஏப்ரல் முதல் பறக்கும்போது அதில் சார்ஜ் போடவும் தடை. ஆகவே போன் வீட்டிலிருந்தே முழுச் சார்ஜில் கிளம்ப வேண்டும். சூயிங்கம் வேண்டாம். சிங்கப்பூருக்குள் அதைக் கொண்டுபோகக் கூடாது.

எவ்வளவு நேரம் நிற்பது? விமானம் ஏறும் வரை நிற்பவர்கள் வீணாகத்தான் நிற்கிறார்கள். பெயர் தப்பு, விசாத் தாள், பெட்டி எடை ஆகியவற்றால் வரும் சிக்கல் எல்லாம் செக்-இன் கவுன்ட்டரிலும் இமிக்ரேஷனிலும் தெரிந்துவிடும். ‘எல்லோருக்கும் இமிக்ரேஷன் முடிந்தது’ என்று ஆசிரியரிடமிருந்து செய்தி வந்ததும் கிளம்பலாம். அதுவரை எல்லோரும் இருக்க வேண்டும் என்றும் இல்லை. பக்கத்துப் பக்கத்துத் தெருக்காரர்களாக நான்கு வீட்டுக்கு ஓர் அப்பா நின்றால் போதும். நான்கு பாஸ்போர்ட்டின் நகலும் மற்ற பெற்றோரின் போன் எண்களும் அவர் கையில் இருக்கட்டும்.

00.40க்குக் கிளம்பினால் சிங்கப்பூரில் இறங்கும்போது அங்கே காலை ஏழரை, இங்கே ஐந்து மணி. இரண்டு மணி நேரம் முப்பது நிமிட வித்தியாசம். ‘இறங்கிட்டோம்மா’ என்ற அழைப்பு உங்கள் தூக்கத்தில்தான் வரும். பிள்ளையின் கஷ்டம் வேறு: ஹோட்டல் அறை கிடைப்பது பொதுவாகப் பிற்பகல் இரண்டு, மூன்று மணிக்கு. பெரிய பெட்டி பேருந்தின் வயிற்றில் கிடக்க, தூங்காத பிள்ளை வெயிலில் ஊர் சுற்ற வேண்டும். பல் துலக்கியும் சின்ன பேஸ்ட்டும் ஒரு சட்டையும் உள்ளாடையும் கைப்பையில் இருந்தால் விமான நிலையத்திலேயே முகம் கழுவி மாற்றிக்கொள்ளலாம். முதல் நாள் காலையில் குளிக்க என்ன ஏற்பாடு என்று பணம் கட்டும் முன்பே ஏஜென்ட்டிடம் கேளுங்கள்.

திரும்பும் நாளில் தரையிறங்கும் நேரத்துக்கே போய் நிற்க வேண்டாம். நாற்பது பேருக்கும் இமிக்ரேஷன் முடிந்து, பெட்டிகளும் வர ஒன்றிலிருந்து ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். ஆப்பில் வண்டி பிடிப்பதானால் ஏறும் இடம் வாசலில் அல்ல, அந்த நிறுத்துமிடக் கட்டடத்தில். பிள்ளையை யாரிடம் ஒப்படைப்பது என்பதைக் கிளம்பும் முன்பே பெயர், உறவு, போன் எண்ணோடு எழுதிக் கொடுத்துவிடுங்கள். ராத்திரி ஒரு மணிக்கு வந்து ‘நான் இவளோட சித்தப்பா’ என்று சொல்கிறவரிடம் ஆசிரியர் பிள்ளையை அனுப்பாவிட்டால் அவர்மேல் கோபப்பட முடியாது.