நொட்டிங் ஹில் கார்னிவல் உடுப்புக்குக் காசு கட்ட முதல் இதை வாசியுங்கள்

ஓகஸ்ட் கடைசியில் வரும் ஞாயிறும் திங்களும் லண்டனில் கரிபியன் மக்களின் பெரிய தெருவிழாவான நொட்டிங் ஹில் கார்னிவல். இந்த வருசத்து உடுப்பு விளம்பரங்கள் இன்ஸ்டகிராமில் ஓடத் தொடங்கிவிட்டன. தெரிந்த பிள்ளைகள் அவற்றை எனக்கு அனுப்பி "அக்கா, இவையை நம்பலாமோ?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை விட, போன வருசம் எங்களுக்கு நடந்ததை இங்கே முழுதாக எழுதிவிடுகிறேன்.

பாரிஸில் இருக்கும் என் சித்தியின் மகளுக்கு ஊர்வலத்தில் ஆட வேண்டுமென்று நெடுநாள் ஆசை. கார்னிவல் பார்க்க யாரும் ஒரு சதமும் கொடுக்கத் தேவையில்லை; வாசலும் இல்லை, டிக்கெட்டும் இல்லை. ஆடுவதென்றால்தான் ஒரு மாஸ் பேண்டில் சேர வேண்டும். ஒரே கருப்பொருளில் உடுப்புப் போட்டு, பாட்டு லொறிக்குப் பின்னால் ஆடிப் போகும் பெரிய கூட்டம் அது. உள்ளே நிறத்துக்கு நிறம் செக்ஷன்கள் இருக்கும். நீங்கள் கட்டும் காசில் உடுப்பும், கூடவே கையில் கட்டும் பட்டியும் அடக்கம். பேண்டைச் சுற்றிக் காவலர்கள் கயிறு பிடித்து வருவார்கள். பட்டி இல்லாதவர் அந்தக் கயிற்றுக்குள் நுழைய முடியாது. சாப்பாடு, குடிவகை, பாதுகாப்பு எல்லாம் கயிற்றுக்குள்தான். இந்தப் பட்டி விசயத்தை மட்டும் நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெயர் பெற்ற ஒரு பேண்டின் செக்ஷன் தலைவன் என்று சொல்லி ஒருவன் அவளுக்கு மெசேஜ் போட்டான். முன்வரிசை உடுப்பு 260 பவுண்ஸ், இனி மூன்று உடுப்புத்தான் மிச்சம், இன்றைக்கே கட்டு என்றான். அனுப்பிய படங்கள் எல்லாம் அந்தப் பேண்ட் தன் பக்கத்தில் போட்ட உண்மையான படங்கள். கார்ட் வேண்டாம், வங்கிக் கணக்குக்கு நேரே அனுப்பச் சொன்னான். கணக்கு தனி ஆள் ஒருவரின் பெயரில் இருந்தது. ஏன் என்று கேட்டதற்கு, செக்ஷன் தலைவர்கள் தாங்களே காசு சேர்த்துக் கொடுப்பது வழக்கம் என்றான். சில பேண்ட்களில் அப்படி நடப்பதும் உண்டு, அதனால் அந்தப் பதில் பொருந்திப் போனது. அவள் லண்டனில் வைத்திருந்த கணக்கிலிருந்து காசு போனது.

சனி பின்னேரம் ஹரோ ரோட் பக்கம், பூட்டிக் கிடந்த ஒரு கடைக்கு முன்னால், கார் டிக்கியிலிருந்து கறுப்புக் குப்பைப் பை ஒன்றை எடுத்துத் தந்துவிட்டுப் போய்விட்டான். வீட்டில் பிரித்துப் பார்த்தோம். தலைக்கிரீடத்தின் கம்பி துணி சுற்றாமல் பின்பக்கம் அப்படியே நீட்டிக்கொண்டிருந்தது. இறகுகள் தொட்டால் கையோடு வந்தன. மேற்சட்டையின் உள்பட்டியில் வேறு ஒரு பெண்ணின் பெயரும் அளவும் பேனாவால் எழுதி, மேலே கோடு இழுத்திருந்தது. யாரோ முந்திய வருசம் போட்டுக் கழித்த உடுப்பு. கைப்பட்டி என்று இருந்தது வெறும் மஞ்சள் கடதாசிப் பட்டி, அதில் ஒரு எழுத்துக்கூட அச்சிட்டிருக்கவில்லை. போன் எடுத்தோம், மறுபக்கம் பதில் இல்லை. கொஞ்ச நேரத்தில் எங்கள் இரண்டு பேர் நம்பரும் பிளாக்.

அப்படியும் திங்கட்கிழமை போனோம். இரவிரவாக இறகுகளை ஒட்டி, கம்பிக்குத் துணி சுற்றினோம். லாட்ப்ரோக் குரோவ் ஸ்டேசன் கார்னிவலுக்குப் பூட்டிவிடுவார்கள் என்பதால் பாடிங்டனில் இறங்கி நடை. வெஸ்ட்போர்ன் குரோவில் கடைகளும் வீடுகளும் பலகை அடித்து மூடியிருக்க, லொறிகளின் சத்தத்தில் நெஞ்சு அதிர்ந்தது. அந்தப் பேண்டைக் கண்டுபிடித்துக் கயிற்றடிக்குப் போனதும் காவலர் அவள் கையைத்தான் முதலில் பார்த்தார். அவர்களின் பட்டி பேண்டின் பெயர் நெய்த துணிப்பட்டி. பதிவுக் கொப்பியோடு ஒரு அம்மா வந்து தேடினார், பெயர் இல்லை. காலையிலிருந்து இதே மஞ்சள் பட்டியோடு வேறு பிள்ளைகளும் வந்துபோனதாகச் சொன்னார். அவருக்கும் கோபம், ஆனால் எங்கள் மேல் இல்லை. முகத்தில் பூசிய மினுக்கம் கண்ணீரோடு கரைந்து வழிய, "அக்கா, வீட்டை போவம்" என்றாள் இவள்.

காசு போனது ஒரு பக்கம். இந்த ஏமாற்று எந்த விழாவின் பெயரில் நடக்கிறது என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. 1958இல் நொட்டிங் ஹில்லில் கரிபியன் மக்களை வெள்ளைக் கும்பல்கள் தெருத்தெருவாகத் தாக்கின. அதற்குப் பதிலடியாக, டிரினிடாட்டில் பிறந்த பத்திரிகையாளர் குளோடியா ஜோன்ஸ் 1959 ஜனவரியில் செயின்ட் பாங்கிராஸ் நகர மண்டபத்தில் கரிபியன் கார்னிவல் நடத்தினார். 1966இல் சமூக சேவகி ரோன் லாஸ்லெட் அந்த வட்டாரத்துப் பிள்ளைகளுக்காக ஒரு தெருவிழா வைக்க, ரஸ்ஸல் ஹெண்டர்சனின் ஸ்டீல்பேன் (இரும்புப் பீப்பாயில் செய்த கரிபியன் வாத்தியம்) குழு வாசித்தபடியே நடக்கத் தொடங்கியது, சனம் பின்னால் போனது. இன்றைக்கும் அது எல்லோருக்கும் இலவசமாக இருப்பதற்கு அந்தத் தொடக்கமே காரணம். பகலில் வேலைக்குப் போய் வந்து, உடுப்புச் செய்யும் இடங்களான மாஸ் கேம்ப்களில் மாதக்கணக்காக இரவில் இறகும் மணியும் தைக்கிறவர்களின் பெயரை விற்றுப் பிழைக்கிறான் இவன்.

இனி வங்கிக் கதை. பிரித்தானியாவில் 2024 ஒக்டோபர் 7 முதல், ஏமாற்றப்பட்டு வங்கிக் கணக்குக்கு அனுப்பிய காசை வங்கிகள் திருப்பித் தர வேண்டும். உச்சவரம்பு 85,000 பவுண்ஸ். எங்கள் வங்கி முதலில் மறுத்தது. "பொருள் கிடைத்திருக்கிறது, தரம் சரியில்லை என்பது உங்கள் இருவருக்கும் இடையிலான வழக்கு" என்றார்கள். இப்படியான தகராறு அந்த விதிக்குள் வராது என்பது உண்மைதான். நிலைமையை மாற்றியது ஒரே ஒரு ஈமெயில். அந்த ஆள் தங்கள் செக்ஷன் தலைவன் இல்லை, அந்தப் பட்டி தாங்கள் கொடுத்ததில்லை என்று பேண்ட் எழுதித் தந்தது. அதை அனுப்பியபின் இது ஆள்மாறாட்டம் என்று ஒப்புக்கொண்டு, விதி அனுமதிக்கிறபடி 100 பவுண்ஸைக் கழித்து 160 பவுண்ஸ் தந்தார்கள். பேண்டுக்கு என் நன்றி. மெசேஜ்களை அழிக்காமல் வைத்திருந்தது பெரிய உதவி.

ஆட ஆசைப்படுகிறவர்கள் பேண்டின் சொந்த இணையத்தளத்தில் பதிவு செய்யுங்கள், முடிந்தால் கிரெடிட் கார்டில் கட்டுங்கள். ஒரு பொருள் 100 பவுண்ஸுக்கு மேலே என்றால் 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவுப்படி கார்ட் கம்பனியும் பொறுப்பு. யாராவது தன்னைச் செக்ஷன் தலைவர் என்றால், பேண்டுக்கு நேரே எழுதி அந்தப் பெயரைக் கேளுங்கள்; உண்மையான ஆள் இதற்குக் கோபப்பட மாட்டார். "கார்னிவல் நுழைவு பாஸ்" விற்கிறவனிடம் கதையே வேண்டாம். மொட்டைமாடி, பல்கனி டிக்கெட் வேறு விசயம், தனியார் பார்ட்டிகள் உண்மையாகவே நடக்கும். ஆனால் முழு விலாசம் தராதவனுக்குக் காசு அனுப்பாதீர்கள்.

போன வருசம் அந்த மஞ்சள் பட்டி உங்களுக்கும் கிடைத்திருந்தால், காசு அனுப்பி 13 மாதத்துக்குள் வங்கியில் முறையிடலாம். 159க்கு அடித்தால் பெரும்பாலான வங்கிகளுக்கு நேரே இணைப்பார்கள். வங்கி மறுத்தால் நிதிக் குறைகேள் அதிகாரியிடம் (Financial Ombudsman) போகலாம், அதற்குக் கட்டணம் இல்லை. பேண்டிடம் கடிதம் கேட்க வேண்டுமென்றால் எனக்கு எழுதுங்கள், நாங்கள் அனுப்பிய ஈமெயிலின் பிரதியைத் தருகிறேன்.