பளபளக்கும் கார்டு வளைகிறது: மாரினர்ஸ் சேகரிப்பில் என் நீண்ட நாள் அனுபவம்

அலுவலகத்தில் கூட வேலை செய்யும் தம்பி ஒருவரின் மகனுக்கு சியாட்டில் மாரினர்ஸ் என்ற அமெரிக்க பேஸ்பால் அணியின் பைத்தியம் பிடித்திருக்கிறது. 2025 சீசனைப் பார்த்த எந்தப் பையனுக்கும் பிடிக்கத்தான் செய்யும். அந்த அணியின் கால் ராலி 60 ஹோம் ரன் (கிரிக்கெட்டின் சிக்ஸர் மாதிரி) அடித்தார். அதுவும் மட்டையாளருக்குப் பின்னால் பந்து பிடிக்கும் கேட்சர் வேலையைப் பார்த்துக்கொண்டே, அதாவது ஆட்டம் முழுக்கக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து எழுந்துகொண்டே அடித்தார். அதற்கு முன் கேட்சர் ஒருவர் ஒரு சீசனில் அடித்த அதிகபட்சம் 48. இடம், வலம் இரண்டு பக்கமும் நின்று ஆடுபவர்களில் மிக்கி மேன்டில் 1961-இல் அடித்த 54. எங்கள் அணியின் சாதனை கென் கிரிஃபி ஜூனியரின் 56. மூன்றும் ஒரே ஆண்டில் போய்விட்டன. தம்பி கேட்டது இதுதான்: "அண்ணா, பையனுக்கு ஆட்டக்காரங்க படம் போட்ட கார்டு வாங்கித் தரணும். அந்தப் பளபளன்னு மின்னுற பாக்ஸ் வாங்கிடலாமா?"

வேண்டாம் என்றேன். ஏன் என்றார். அந்த ஏனுக்கான பதில் நீண்டுவிட்டதால் எழுதியே வைக்கிறேன். ரூக்கி கார்டு (ஆட்டக்காரரின் முதல் ஆண்டுக் கார்டு), பேரலல் (ஒரே கார்டின் வேறு நிறப் பதிப்பு), டாப்லோடர் (கார்டைச் செருகி வைக்கும் கெட்டிப் பிளாஸ்டிக் உறை), இவற்றுக்கு மேல் அடிப்படைகளுக்குள் போகவில்லை. நான் சேர்ப்பது மாரினர்ஸ் மட்டும். அணி தொடங்கிய 1977 முதல் இன்று வரை. சியாட்டில் பக்கம் வேலைக்கு வந்து குடியேறிய பிறகு தொற்றிக்கொண்ட பழக்கம், இன்னும் விடவில்லை.

என் குறை ஒன்றே ஒன்று. குரோம் வகை கார்டுகள், அதாவது தம்பி கேட்ட அந்தப் பளபளக்கும் கார்டுகள், வளைகின்றன. எப்போதாவது ஒன்றிரண்டு அல்ல, ஏறக்குறைய எல்லாமே. உறையைப் பிரித்த அன்றே லேசாக வளைந்திருக்கும், சில வாரம் போனால் மேசையில் வைத்த இடத்தில் ஆடும். நான் வாங்கியவை ஒரே தயாரிப்பாளருடையவை அல்ல, ஒரே ஆண்டினுடையவையும் அல்ல. ஆகவே இது ஒரு நிறுவனத்தின் குற்றம் என்று நான் சொல்லவில்லை. இந்த வகைக் கார்டின் பிறவிக் குணம்.

காரணம் எளிது. கார்டின் உடல் காகித அட்டை. முகத்தில் மட்டும் உலோகப் பளபளப்புள்ள மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒட்டப்பட்டிருக்கிறது. காகிதம் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்தால் விரியும், காய்ந்தால் சுருங்கும். படலம் இரண்டுக்கும் அசையாது. ஒட்டிக்கொண்டிருக்கும் இரண்டில் ஒன்று நீண்டு மற்றொன்று அப்படியே இருந்தால் வளையாமல் என்ன செய்யும்? ஈரமான இடத்தில் பின்புறம் விரிந்து முகம் உள்ளே குழிகிறது. வறண்ட இடத்தில் பின்புறம் சுருங்கி முகம் வெளியே புடைக்கிறது.

இதற்கு சியாட்டில் பக்கத்தை விடப் பொருத்தமான சோதனைக்கூடம் கிடையாது. அக்டோபரில் மழை தொடங்கினால் வசந்தம் வரை ஓயாது. வெளியே ஐந்து டிகிரி ஈரக்காற்று. அதையே உள்ளே இழுத்து ஹீட்டரில் இருபது டிகிரிக்குச் சூடாக்கும்போது அதன் ஈரப்பதம் பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. அதனால் ஹாலில் ஹீட்டருக்குப் பக்கத்து அலமாரியில் இருந்த கார்டுகள் ஒரு பக்கம் வளைந்தன, கராஜில் பெட்டியில் இருந்தவை அதற்கு நேர் எதிராக வளைந்தன. ஒரே தொகுப்பு, ஒரே நாளில் வாங்கியவை. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் முழுசாக அடங்கவில்லை. நாலு டாலர் கார்டு என்றால் விட்டுவிடலாம். எண்ணிட்டு அச்சடித்த ஹூலியோ ரோட்ரிகெஸ் ரிஃப்ராக்டர் (வானவில் போல மின்னும் குரோம் கார்டு) அது. 2022-இல் சிறந்த புதுமுக விருது வாங்கியவர், அணி இருபத்தோரு ஆண்டு காத்திருந்து சீசன் முடிவில் நடக்கும் பிளேஆஃப் சுற்றுக்குப் போன அதே சீசன். அந்தக் கார்டு அப்பளம் மாதிரி நெளிந்து கிடந்தால் யாருக்குத்தான் பொறுக்கும்?

டாப்லோடரில் போட்டால் நேராகிவிடும் என்பார்கள். சாதாரண கார்டுக்கான டாப்லோடர் 35 பாயின்ட், அதாவது ஒரு அங்குலத்தில் ஆயிரத்தில் 35 பங்கு தடிமனுக்கானது. வளைந்த கார்டை அதற்குள் தள்ளினால் நடுப்பகுதி ஒரு சுவரையும் ஓரங்கள் மறு சுவரையும் அழுத்தும். பென்னி ஸ்லீவ் என்ற மென்மையான பிளாஸ்டிக் உறை போடாமல் தள்ளினால் ஓரத்தில் படலம் பொடியாக உதிரும். காந்தம் வைத்து மூடும் கெட்டிப் பெட்டி நன்றாகவே அமுக்கிப் பிடிக்கிறது, ஆனால் ஒவ்வொரு கார்டுக்கும் அதை வாங்கினால் பெட்டியின் விலை கார்டின் விலையைத் தாண்டிவிடும். கனமான புத்தகங்களுக்கு அடியில் வைப்பது இரண்டு நாளைக்குத்தான், எடுத்த மறுவாரம் பழையபடி.

ஓரளவு பலன் தந்தது ஒன்று உண்டு. கிடார் பெட்டிக்குள் வைப்பதற்கென்று 49 சதவீதம் என்று அச்சிட்ட ஈரப்பதப் பொட்டலம் விற்கிறார்கள். ஈரம் அதிகமானால் உறிஞ்சும், குறைந்தால் விடும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் அதைப் போட்டு, கார்டுகளை ஸ்லீவோடு நிற்கவைத்து, மூடி, மறந்துவிட வேண்டும். சில வாரங்களில் முக்கால்வாசி நேராகின்றன. டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு ரசித்தால் மறுபடி ஆரம்பிக்கும். வாங்கியதே பார்ப்பதற்காக. பார்த்தால் வளைகிறது என்றால் நான் என்ன செய்ய?

தயாரிப்பாளர் ஒருவருக்கு எழுதிக் கேட்டேன். இது பொருளின் இயல்பு, குறைபாடாகக் கணக்கில் வராது, மாற்றித் தர முடியாது என்று பதில் வந்தது. மரியாதையான பதில்தான். ஆனால் இவ்வளவு விலைக்கு விற்கும் பொருளின் இயல்பு இது என்று தெரிந்தவர்கள் அதை உறையின் மேலே ஒரு வரி அச்சிடலாமே.

இதே அலமாரியில், இதே ஹீட்டர் பக்கத்தில், 1989 முதல் 1992 வரையிலான சாதாரணக் காகிதக் கார்டுகள் கற்றை கற்றையாக இருக்கின்றன. அந்தக் காலத்தில் அளவுக்கு மீறி அச்சடித்துத் தள்ளியதால் இன்று அவற்றுக்கு விலையே இல்லை. கடைக்காரர்கள் பெட்டியோடு எடுத்துக்கொண்டு போகச் சொல்கிறார்கள். முப்பத்தைந்து ஆண்டு ஆகியும் அவை பலகை போல நேராக இருக்கின்றன. எட்கர் மார்ட்டினெஸ், ஜே பியூனர், ஹரால்ட் ரெனால்ட்ஸ், எல்லாரும் மூலை கூர்மையோடு, நிறம் மங்காமல். காகிதம் மட்டும் என்பதால் இரண்டு பக்கமும் ஒன்றாக விரிந்து ஒன்றாகச் சுருங்கியிருக்கிறது, அவ்வளவுதான். அந்தக் கால டாப்ஸ் நிறுவனத்தின் கார்டு பாக்கெட்டில் 1991 வரை பபிள்கம் இருந்தது, அதை ஒட்டியிருந்த கார்டில் மட்டும் பபிள்கம் கறை இருக்கும். அது கூட எனக்குப் பிடித்திருக்கிறது.

நியாயமாகச் சொல்ல வேண்டுமென்றால், வளைவு ஒன்றுக்காக மொத்தச் சேகரிப்பையும் குறை சொல்ல மனம் வரவில்லை. இதில் எனக்கு எதிர்பாராமல் கிடைத்த சந்தோஷம் கார்டின் பின்புறம், ஆண்டுவாரியான எண்கள் அச்சிட்ட பக்கம். முகத்தைப் பார்த்து வாங்குகிறோம், வீட்டுக்கு வந்ததும் திருப்பிப் படித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறோம். கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவனுக்கு பேஸ்பால் புரிந்தது மைதானத்தில் அல்ல, இந்தச் சின்ன எழுத்துகளில்தான்.

மாரினர்ஸ் மட்டையாளர் இச்சிரோவின் பிற்காலக் கார்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஹிட் (பந்தை அடித்துவிட்டு அவுட் ஆகாமல் பேஸை எட்டியது) என்ற பத்தியில் மேலிருந்து கீழாக ஓடும்: 242, 208, 212, 262, 206, 224, 238, 213, 225, 214. பத்து வருடம் தொடர்ந்து இருநூறுக்கு மேல். நடுவில் அந்த 262, 2004-இல் அடித்தது, ஜார்ஜ் சிஸ்லர் 1920-இல் வைத்த 257-ஐத் தாண்டிய சாதனை. அதற்கடுத்து 2011-இல் 184. வர்ணனை எதுவும் இல்லை, வெறும் எண்தான், ஆனால் அந்த வரிக்கு வந்தால் எனக்கு மனசு கனத்துவிடும். ராலியுடையது எதிர்த்திசையில் ஏறுகிறது. ஹோம் ரன் பத்தியில் 2, 27, 30, 34, அப்புறம் 60. அடுத்தடுத்த ஆண்டுக் கார்டுகளை வரிசையாக அடுக்கினால் ஒவ்வொன்றிலும் ஒரு வரி கூடுவதைப் பார்க்கலாம். ஒரே அணியைச் சேர்ப்பவருக்கு மட்டும் கிடைக்கும் இன்பம் இது.

என் மனசுக்கு நெருக்கமான பின்புறம் ஜேமி மோயருடையது. வேகமாகப் பந்து வீசாதவர். கப்ஸ், ரேஞ்சர்ஸ், கார்டினல்ஸ் என்று ஊர் ஊராக மாறிய வரிகள். 1992-இல் பெரிய லீக்கில் ஓர் ஆட்டம் கூட இல்லை, அந்த ஆண்டு கீழ் லீக்கில் கழிந்தது. பிறகு ஓரியோல்ஸ், ரெட் சாக்ஸ், 1996 நடுவில் சியாட்டில். முப்பத்து மூன்று வயதில் வந்து சேர்ந்தவர், 2001-இல் 20 வெற்றி, 2003-இல் 21 வெற்றி. அவ்வளவு ஆண்டுகளையும் அடக்க வேண்டியிருப்பதால் எழுத்து எறும்பு அளவுக்குச் சிறுத்துவிட்டது. கண்ணாடி போட்டுக்கொண்டுதான் படிக்கிறேன். அவருடைய கார்டுகள் பெரும்பாலும் சில்லறை விலைக்குக் கிடைக்கின்றன.

கிரிஃபியின் 1989 அப்பர் டெக் முதல் எண் கார்டு பற்றிச் சொல்லாமல் மாரினர்ஸ் சேகரிப்பு பற்றிப் பேச முடியாது. அந்த நிறுவனத்தின் முதல் தொகுப்பு, அதில் முதல் கார்டாகப் பெரிய லீக்கில் ஓர் ஆட்டம் கூட ஆடாத பத்தொன்பது வயதுப் பையனை வைத்தார்கள். படத்தில் அவர் போட்டிருந்தது சான் பெர்னார்டினோ என்ற கீழ்நிலை அணியின் தொப்பி, அதை மாரினர்ஸ் தொப்பியாகத் திருத்தி அச்சிட்டார்கள். கணக்கற்ற பிரதிகள் இருந்தும் விலை இறங்காத கார்டு. என்னிடம் இருப்பது தரம் பார்க்காத பிரதி, மூலை ஒன்று லேசாக மழுங்கியது. காகிதம். வளையவில்லை.

பாக்கெட் உடைப்பது பற்றிச் சுருக்கமாக: முப்பது அணிகள் இருக்கின்றன. 350 கார்டு கொண்ட தொகுப்பில் ஒரு அணிக்கு ஏறக்குறைய பதினொன்று, பன்னிரண்டு வரும். ஒரு பாக்கெட்டில் மாரினர்ஸ் ஒன்று வந்தால் நல்ல நாள். டீம் செட் என்று அணியின் கார்டுகளை மட்டும் பிரித்து விற்பவர்களிடம் வாங்கினால் பத்து டாலருக்குள் அந்த ஆண்டு முடிந்துவிடுகிறது. பேரலல் துரத்தலும் எனக்கு ஒத்துவரவில்லை. ஒரே படம் பச்சை ஓரத்தில், ஊதா ஓரத்தில், பொன் ஓரத்தில். அந்த ஆட்டக்காரரைப் பற்றி அவை புதிதாக ஒன்றும் சொல்வதில்லை.

தம்பிக்கு நான் சொன்னது: ஒன்பது அறை கொண்ட தாள்களுடன் ஒரு பைண்டர் வாங்குங்கள், பிவிசி கலக்காத தாளாகப் பார்த்து வாங்குங்கள், 2022 முதல் 2026 வரை காகித டீம் செட் ஐந்தையும் பையன் கையில் கொடுங்கள். இரண்டு பக்கமும் படிக்கலாம். ராலி அடித்த 60-ஐக் காட்டும் வரியை அவனே தேடிக் கண்டுபிடிக்கட்டும். குரோம் பாக்ஸுக்கு வைத்திருக்கும் பணத்தில் மாரினர்ஸின் மைதானமான டி-மொபைல் பார்க்கில் ஓர் ஆட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போகலாம்.

மதிப்பெண் கேட்பீர்கள். இச்சிரோவின் அந்தப் பத்தி, மோயரின் பொடி எழுத்து, முப்பது வருடக் கற்றைகள், இவற்றை எண்ணினால் ஐந்துக்கு ஐந்து கொடுக்க வேண்டும். ஆனால் நேற்று இரவு அந்த ரோட்ரிகெஸ் கார்டை டப்பாவிலிருந்து எடுத்தேன், காலையில் பார்த்தால் முகம் மறுபடி புடைத்திருக்கிறது. ஆகவே இரண்டு. இரண்டுக்கு மேல் இன்றைக்கு ஒரு புள்ளி கூடத் தர மாட்டேன்.

ராலியின் 2022 ரூக்கி கார்டு, காகித வகை, யாரிடமாவது இரண்டாவது பிரதி இருந்தால் சொல்லுங்கள். மாற்றிக்கொள்ள என்னிடம் 1990-களின் பியூனர், மார்ட்டினெஸ் கார்டுகள் நிறைய இருக்கின்றன. அதோடு அந்த வளைந்த ரோட்ரிகெஸையும் சேர்த்தே தருகிறேன்.