சின்ன சேனல்களில் எது இழுக்கும், எது நிற்கும்? கண்டனூர் வீட்டிலிருந்து ஓர் ஒப்பீடு

காரைக்குடிப் பக்கத்துக் கண்டனூரில் அப்பத்தா வீட்டு டிவி உள்ளே தள்ளி இரண்டாங்கட்டில் இருக்கிறது. போன தீபாவளிக்கு வந்த சித்தப்பா மகன் முகப்பில் வைஃபை மாட்டிவிட்டுப் போனான். நடுமுற்றமுள்ள வளவைத் தாண்டி அது உள்ளே வருவதில்லை. சுவர் அந்தக் கனம். அதனால் இன்றைக்கும் கேபிள் வயர்தான் வழி. ரிமோட்டை பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, ரப்பர் பேண்ட் சுற்றி வைத்திருக்கிறார் அப்பத்தா. அந்த உறை நாலைந்து எண்களின் மேல் மட்டும் தேய்ந்து வெளுத்துப்போயிருக்கிறது. அந்த எண்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தேன். சன், விஜய், ஜீ தமிழ் எல்லாம் வரும் என்று நினைத்தேன். சன் வந்தது. மற்றபடி வந்தவை பெரும்பாலும் சின்ன சேனல்கள்.

அதிலிருந்து நான்கை எடுத்துக்கொள்கிறேன்: டிடி தமிழ், மக்கள் தொலைக்காட்சி, பழைய பாட்டுச் சேனல்கள், அப்புறம் எங்கள் பக்கத்து லோக்கல் கேபிள் சேனல். கட்சிச் செய்திச் சேனல்களைச் சேர்க்கவில்லை. தேர்தல் நேரத்தில் பார்ப்பார்கள், கட்சி இருக்கும்வரை இருக்கும். அதற்குமேல் அவற்றைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

கேள்வி இரண்டுதான். ஆட்களைத் தேடி வந்து உட்கார வைப்பது எது? இன்னும் பத்து வருஷம் ஓடக்கூடியது எது? ஒன்றுக்கு நல்ல பதில் வைத்திருக்கும் சேனல் இன்னொன்றில் தடுமாறுவதைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

காசு எங்கிருந்து வருகிறது

பெரிய சேனலுக்கு இரண்டு வழியில் வருமானம்: விளம்பரம் ஒன்று, நாம் கட்டும் சந்தா இன்னொன்று. 2019-ல் நடைமுறைக்கு வந்த டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) கட்டண முறையில், தொகுப்பில் சேரும் ஒரு கட்டணச் சேனலுக்கு மாதம் 19 ரூபாய் வரை விலை வைக்கலாம் என்று ஆனது. இலவசச் சேனலுக்கு அந்தச் சந்தா கிடையாது. விளம்பரம் மட்டும்தான். விளம்பரம் கொடுப்பவர் டிஆர்பி, அதாவது எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்ற கணக்கு, எவ்வளவு என்று கேட்பார். டிஆர்பி வர வேண்டுமென்றால் எல்லா ஊர்க் கேபிளிலும் சேனல் தெரிய வேண்டும், அதுவும் கைக்கு எட்டுகிற எண்ணில். அப்படித் தெரிவதற்குச் சேனல்தான் கேபிள் நிறுவனத்துக்குப் பணம் கட்ட வேண்டியிருக்கும். கேரேஜ் கட்டணம் என்பார்கள். நிகழ்ச்சி எடுக்க வைத்திருந்த காசு இதிலேயே கரைந்துவிடும்.

சின்ன சேனல்களில் காலை வேளையில் மூட்டுவலி எண்ணெய், ராசிக்கல், மனை விற்பனை என்று அரைமணி நேர விளம்பரங்கள் ஓடுவது இதனால்தான். எனக்கும் அவற்றைப் பிடிக்காது. ஆனால் அந்த அரைமணிதான் மீதி நாளை ஓட்டுகிறது என்று தெரிந்த பிறகு கோபம் கொஞ்சம் குறைந்துவிட்டது.

டிடி தமிழ்

இந்தக் கவலை எதுவும் இல்லாத ஒரே சேனல் இதுதான். 1995-ம் வருடத்துக் கேபிள் டிவி சட்டத்தின் 8-ம் பிரிவு, அரசு குறிப்பிடும் தூர்தர்ஷன் சேனல்களைக் கேபிள்காரர் கட்டாயம் காட்ட வேண்டும் என்கிறது. நிற்பதில் இதை யாரும் அசைக்க முடியாது.

இழுப்பதில்தான் சிக்கல். எங்கள் பெரியப்பா 80களின் தொடக்கத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15-லேயே வந்துவிட்டது, ஆனால் அந்த அலை இவ்வளவு தூரம் எட்டவில்லை. 1982-ல் இலங்கையில் ரூபவாஹினி தொடங்கியதும், மொட்டை மாடி ஆன்டெனாவைக் கடல் பக்கம் திருப்பி அதைப் பிடித்திருக்கிறார்கள். காற்று மாறினால் படம் போய்விடும். ஒருவர் மேலே நின்று கம்பியைத் திருப்ப, கீழே இருந்து "வந்துருச்சு, விட்டுரு" என்று கத்துவார்களாம். பிறகு கொடைக்கானல் மலையில் ஒளிபரப்பு நிலையம் வந்தது, ஆன்டெனா மேற்கே திரும்பியது. வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும் என்றால் எங்கள் வளவில் பக்கத்து வீட்டுக்காரர்களுக்குப் பாய் போட்டு வைப்பார்கள். அந்த ஒரு சேனலைப் பார்க்க அன்றைக்கு இருந்த ஏக்கம் இனி எந்தச் சேனலுக்கும் வராது.

பெயரும் மாறிக்கொண்டே வந்தது. 2000 பொங்கலில் பொதிகை, 2024 ஜனவரியில் டிடி தமிழ். அப்பத்தா இன்னும் பொதிகை என்றுதான் சொல்கிறார். எப்போது போடுகிறார் என்று கவனித்தேன். ஜனவரியில் திருவையாறு தியாகராஜ ஆராதனை, குடியரசு தின அணிவகுப்பு, நிதானமாக வாசிக்கும் செய்தி. ஒரு நிகழ்ச்சிக்காகப் போவார், முடிந்ததும் வந்துவிடுவார்.

செட்டிநாட்டில் இதற்கு வேறொரு பயன் உண்டு. இங்கே பூட்டிக் கிடக்கிற வீடுகள் ஏராளம். முன்னோரைக் கும்பிடும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்து திறப்பார்கள். வருஷத்தில் பத்து நாள் பார்க்க மாதாமாதம் யார் ரீசார்ஜ் செய்வார்கள்? அந்த வீடுகளுக்கு டிடி ஃப்ரீ டிஷ் பொருத்தமாக இருக்கிறது. 2004 டிசம்பரில் வேறு பெயரில் தொடங்கிய சேவை அது. ஒரு தடவை தட்டும் பெட்டியும் வாங்கினால் போதும், மாதக் கட்டணம் இல்லை. தமிழ்த் தனியார் சேனல்கள் அதில் குறைவு என்பதுதான் குறை. பிள்ளைகள் இரண்டாம் நாளே போனை எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போய்விடுகிறார்கள்.

மக்கள் தொலைக்காட்சி

2006 செப்டம்பரில் வந்தது. பாமக நிறுவனர் ராமதாஸ் தொடங்கியது என்றாலும் நான் இதைக் கட்சிக் கணக்கில் வைக்கவில்லை. சினிமாப் பாட்டு இல்லை, மெகா தொடர் இல்லை, பேசுகிற தமிழில் ஆங்கிலம் இல்லை என்று சொல்லிக்கொண்டு ஒரு சேனல் வந்தது என்பதே அப்போது பெரிய செய்தி. ஆங்கிலம் கலக்காமல் பேசினால் தங்கக் காசு தருகிற நிகழ்ச்சி ஒன்று அதில் வந்தது. கோடை விடுமுறைக்குக் கண்டனூர் வரும் நாங்கள் அதை வளவில் விளையாடுவோம். யார் வாயில் ஆங்கிலச் சொல் வருகிறதோ அவர்கள் தட்டிலிருந்து ஒரு சீப்புச் சீடை போய்விடும். "ஃபேன் போடு" என்று சொல்லி நான் இழந்த சீடைகள் கொஞ்சமல்ல.

காரைக்குடிப் பக்கம் இந்தச் சேனலுக்கு ஒரு தனிப் பிரியம் இருந்ததில் ஆச்சரியம் இல்லை. சா. கணேசன் 1939-ல் தொடங்கிவைத்த கம்பன் விழாவை இன்றும் நடத்துகிற ஊர் இது. பங்குனியில் பட்டிமன்றம் கேட்கப் போகிற ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், காலையில் இந்தச் சேனலின் விவசாய நிகழ்ச்சியையும் தவறவிட மாட்டார்கள்.

பார்ப்பவர்கள் குறைவு, ஆனால் விசுவாசமானவர்கள். டிடியிடம் இல்லாத பலம் இது: ஏன் இந்தச் சேனல் என்று கேட்டால், பார்ப்பவரால் ஒரே வரியில் காரணம் சொல்ல முடியும். பலவீனமும் அங்கேதான். சினிமாவையும் தொடரையும் ஒதுக்கிவைத்தால் பெரிய விளம்பரம் வராது. விளம்பரம் வராவிட்டால் நிகழ்ச்சி மெலியும். தொடக்க வருடங்களில் இருந்த சுறுசுறுப்பு இப்போது இல்லை என்பதை வருத்தத்தோடு சொல்கிறேன். கொள்கை ஒரு சேனலைப் பிறக்க வைக்கும், பல வருஷம் பெயரையும் காப்பாற்றும். தினமும் புதிதாக எடுத்துப் போட அதற்குத் தனியாகக் காசு வேண்டும்.

பழைய பாட்டுச் சேனல்கள்

சன் லைஃப், முரசு, ராஜ் டிஜிட்டல் பிளஸ் போன்றவை. இவற்றுக்குச் செலவு குறைவு, ஏனென்றால் பெரும்பாலும் தாய் நிறுவனம் எப்போதோ உரிமை வாங்கி வைத்த படமும் பாட்டும்தான் ஓடுகின்றன. குழுமம் இருக்கும்வரை இவை இருக்கும்.

போனில் கேட்ட பாட்டு கிடைக்கும்போது இதை யார் பார்க்கிறார்கள் என்று கேட்கலாம். அப்பத்தாவிடம் போனில் எந்தப் பாட்டு வேண்டும் என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. அடுத்து என்ன வருமோ என்று காத்திருப்பதுதான் அவருக்குச் சுகம். கண்ணதாசன் பாட்டு வந்தால், "நம்ம சிறுகூடல்பட்டி" என்று ஒரு தடவை சொல்லிவிட்டு வெற்றிலை மடிப்பார். தினமும் மதியம் இது நடக்கிறது. தலைமுறை மாறினால் இந்தச் சேனல்கள் பாட்டின் வயதையும் மாற்றிக்கொள்ளும், 60கள் போய் 80கள் வரும். அதனால் இவை போய்விடும் என்று எனக்குப் பயம் இல்லை. போனாலும் பெரிதாக வருந்த மாட்டேன்.

ஊர்ச் சேனல்

ரிமோட்டில் மிக அதிகமாகத் தேய்ந்த எண் இதுதான். ஒரு மாடி அறை, இரண்டு கம்ப்யூட்டர், ஒரு கேமரா, கேபிள் நடத்தும் அண்ணன், அவருடைய மருமகன். அவ்வளவுதான் சேனல். ஜவுளிக்கடை, நகைக்கடை, பாத்திரக்கடை விளம்பரம். குழந்தை பிறந்தநாளுக்குப் போட்டோ போட்டு வாழ்த்து. நடுவில் ஒரு கண்ணீர் அஞ்சலி.

அண்ணனிடம் போய் உட்கார்ந்து பேசினேன். "தம்பி, படம் போட்டா யாரும் கேக்குறதில்ல. மீனாட்சிபுரம் முத்துமாரியம்மனுக்குப் பால்குடம் எடுக்கிறதப் போட்டா, தன் வீட்டுப் புள்ள வருதான்னு நாள் முழுக்கப் பாக்குறாங்க. ஒரு மணிநேரம் கழிச்சு, திரும்பப் போடுங்கன்னு போன் வருது" என்றார். கொப்புடையம்மன் செவ்வாய்ப் பெருந்திருவிழாத் தேருக்கும் அப்படித்தான்.

பெரிய சேனலையும் இதையும் ஒரே நேரத்தில் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நாள் இருக்கிறது: தை 3. அன்றைக்கு அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு. பெரிய சேனல்கள் எல்லாம் அங்கேதான். வாடிவாசலுக்கு நேரே கேமரா, பேசுவதற்குத் தொகுப்பாளர்கள், துள்ளும் காளையை மெதுவாக ஓட்டிக் காட்டுவார்கள். அதே நாளில் சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூர் பக்கம் சிராவயலில் மஞ்சுவிரட்டு. பொட்டலில் கட்டுமாடு அவிழ்த்து விடுவார்கள், மாடு எந்தப் பக்கம் ஓடும் என்று சொல்ல முடியாது. ஊர்ச் சேனலின் ஒற்றைக் கேமரா ஏதோ ஒரு வேன் மேலிருந்து ஆடுகிறது. பாதி நேரம் தூசிதான் தெரிகிறது. படத்தின் தரத்தில் இரண்டையும் பக்கத்தில் வைக்கவே முடியாது. ஆனால் எங்கள் வீட்டில் அன்று ரிமோட் யார் கையில் போனாலும் சிராவயலுக்குத்தான் வந்து நிற்கும். "அது நம்ம தெருக்கோடி மாடுடா" என்று ஒரு குரல் வந்தால் போதும், அடுப்படியில் இருப்பவர்களும் வந்துவிடுவார்கள்.

இழுப்பதில் இதற்கு நான் முதலிடம் கொடுக்கிறேன். நிற்பதில் இதற்குத்தான் கடைசி இடம், அதுதான் என் கவலை. கேபிள் இணைப்பு குறைந்தால் சேனலின் ஆயுளும் குறைகிறது. திருவிழாவை யாரோ ஒரு பையன் போனிலேயே யூடியூப் நேரலை விடுகிறான், அது சிங்கப்பூரிலும் தெரிகிறது. சட்டமும் கொஞ்சம் இறுகியிருக்கிறது. 2022 நவம்பர் வழிகாட்டுதல்படி கேபிள் நிறுவனங்களின் சொந்தச் சேனல்களைப் பதிவு செய்ய வேண்டும்; மொத்தச் சேனல்களில் 5 சதவீதத்துக்குமேல் அவை போகக் கூடாது; ஒரு நிறுவனத்தின் நிகழ்ச்சியை இன்னொன்றோடு பகிரக் கூடாது. கோயில் போன்ற வழிபாட்டுத் தலங்களின் நேரலைக்கு மட்டும் விலக்கு உண்டு. அந்த விலக்கைப் படித்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பிள்ளையார்பட்டியும் குன்றக்குடியும் இருக்கிற பக்கத்தில் அது பெரிய உதவி.

சேலத்தில் கேபிள் சேனலாக ஆரம்பித்து மாநிலம் முழுக்கப் போன பாலிமர் மாதிரி வளரலாமே என்று கேட்டேன். அண்ணன் தலையாட்டவில்லை. "வளந்தா தெருக்கோடி மாட்டக் காட்ட முடியுமா?" என்றார்.

போன கார்த்திகையில் மழையில் வயர் அறுந்து இரண்டு நாள் கேபிள் இல்லை. தொடரில் என்ன ஆயிற்று என்பதைப் பக்கத்து வீட்டு ஆச்சி வந்து சொல்லிவிட்டார். ஆனால் மேலத் தெருவில் அப்பத்தாவின் பள்ளிக்கூடத் தோழி காலமான செய்தி வந்து சேரவில்லை. யாரும் வேண்டுமென்று மறைக்கவில்லை. எல்லோரும் டிவியில் போட்டாயிற்றே என்று இருந்துவிட்டார்கள். உடலை எடுத்து மறுநாள்தான் அப்பத்தாவுக்குத் தெரிந்தது. அன்று முழுக்க அவர் சரியாகப் பேசவில்லை.

யாருக்கு எது

பூட்டிய வீடு என்றால் ஃப்ரீ டிஷ், அதில் டிடி தமிழ்; இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. தமிழ் பழக வேண்டிய பிள்ளைகள் இருந்தால் மக்கள் தொலைக்காட்சியைத் தினமும் ஒரு மணிநேரம் வைத்துப் பார்க்கலாம், பழைய வேகம் இல்லாவிட்டாலும். பாட்டுச் சேனல் எந்தத் தொகுப்பிலும் தானாக வந்துவிடும், அதற்காக யோசிக்க வேண்டியதில்லை. வயதானவர்கள் தனியாக இருக்கிற வீட்டுக்கு ஊர்க் கேபிளைத் தவிர வேறொன்றை நான் சொல்ல மாட்டேன்.

சித்தப்பா மகன் போன வாரம் பேசினான். இன்னொரு வைஃபை பெட்டி வாங்கி இரண்டாங்கட்டில் வைத்துவிட்டால் கேபிளை நிறுத்திவிடலாம் என்றான். பெட்டியை வாங்கு, கேபிளை மட்டும் தொடாதே என்றேன். இந்த மாதக் கேபிள் பணத்தை நானே அண்ணனிடம் கொடுத்துவிட்டு வந்தேன். தை 3-க்கு அவர் இரண்டாவது கேமரா ஒன்று வாடகைக்கு எடுக்கப்போகிறாராம்.