லார்கோவா, அடாஜியோவா?

காட்பாடியில் என்னிடம் கீபோர்டு கற்கும் பிள்ளைகள் கிரேடு தேர்வு நெருங்கும்போது கேட்கிற கேள்வி இது. இரண்டுமே மெதுவான வேகத்தைச் சொல்லும் இத்தாலியச் சொற்கள்தானே, அப்புறம் என்ன வித்தியாசம்?

பொருள்: லார்கோ என்றால் ‘அகலமாக’. அடாஜியோ என்றால் ‘அவசரமில்லாமல்’.

வேகம்: பழைய மெட்ரோனோமில் (தாளத்தைத் தட்டிக் காட்டும் கருவி) லார்கோ நிமிடத்துக்கு 40 முதல் 60 தட்டு, அடாஜியோ 66 முதல் 76. புத்தகத்துக்குப் புத்தகம் எண் மாறும். அதனால் பொருளைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

கை: லார்கோதான் கஷ்டம். 50-இல் ஒரு தட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே 1.2 விநாடி. அதற்குள் பியானோவின் ஒலி தேயத் தொடங்கும். விரலைச் சற்று முன்னால் எடுத்தாலும் இடைவெளி அப்பட்டமாகத் தெரியும். அடாஜியோவில் ராகம் தானாக நடக்கும்.

மூச்சு: சர்ச் பாடகர் குழுவுக்கு இதுதான் முக்கியம். நாலு தட்டு நீளும் சுரத்துக்கு 50-இல் கிட்டத்தட்ட 5 விநாடி மூச்சு வேண்டும். 72-இல் 3.3 விநாடி போதும்.

கம்பீரமான தொடக்கத்துக்கு லார்கோ. தாலாட்டு, ஜெபம் போன்றவற்றுக்கு அடாஜியோ. முதல் வருடப் பிள்ளை என்றால், அடாஜியோவில் ஆரம்பிப்பதே சரி.