சிங்கப்பூர் – நியூயார்க்: நேரடி விமானமா, பிராங்ஃபர்ட் வழியா?

இந்த இரண்டில் எதில் டிக்கெட் போடுவது என்று குழம்புகிறவர்கள் முதலில் தூரத்தைத்தான் பார்க்கிறார்கள். அங்கேதான் கணக்கு பிசகுகிறது.

தூரம்
நேரடி: சுமார் 15,300 கி.மீ.
பிராங்ஃபர்ட் வழி: 10,300 + 6,200, சுமார் 16,500 கி.மீ.

நேரம்
நேரடி: ஏறக்குறைய 18½ மணி
பிராங்ஃபர்ட் வழி: ஏறக்குறைய 24 மணி

கூடுதல் 1,200 கி.மீ.யைப் பறக்க ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது. மீதி எங்கே போகிறது? பிராங்ஃபர்ட்டில் இறங்கி, மறுபடி பாதுகாப்புச் சோதனை முடித்து ஏறவே இரண்டு மணி நேரம் கரைந்துவிடும். பிறகு காற்று. அந்த உயரத்தில் அது பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்கே வீசுகிறது. மேற்கே அட்லாண்டிக்கைக் கடக்கும் விமானத்துக்கு அது எதிர்க்காற்று. நேரடி விமானம் பசிபிக் மேலே கிழக்கு நோக்கிப் போனால் அதே காற்று பின்னாலிருந்து தள்ளும். அதற்காகவே விமானிகள் சில நாள் நேர்ப்பாதையை விட்டு நீண்ட பாதையில் போவதுண்டு.

இருக்கை
நேரடி: மிக நீண்ட தூரம் பறப்பதற்கான ஏர்பஸ் ஏ350-900 யுஎல்ஆர் விமானம். பிசினஸ், பிரீமியம் எக்கானமி மட்டுமே.
பிராங்ஃபர்ட் வழி: சாதாரண எக்கானமியும் உண்டு.

செலவில் பெரிய வேறுபாடு வருவது இதனால்தான்.

குடும்பமாக, கையைக் கடிக்காமல் போக வேண்டுமா? பிராங்ஃபர்ட் வழிதான். நடுவில் எழுந்து நடந்தால் வீங்கிய கால்களுக்கும் நல்லது. டிரான்சிட் விசா விதியை மட்டும் முன்பே பார்த்துவிடுங்கள். வயதான பெற்றோரைத் தனியாக அனுப்புகிறீர்கள் என்றால், பணம் கூடினாலும் நேரடி விமானத்தையே நான் சொல்வேன்.