விமானக் குத்தகைத் தொழில் கற்க எது சரி: ஐந்து நாள் பயிற்சியா, டப்ளின் பட்டமா, கிஃப்ட் சிட்டி வேலையா?

2023 பிப்ரவரியில் ஏர் இந்தியா 470 விமானங்கள் வாங்கப்போவதாக அறிவித்தது. அதே ஆண்டு ஜூனில் இண்டிகோ 500 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது. இவ்வளவையும் கைக்காசு போட்டு வாங்க எந்த நிறுவனத்தாலும் முடியாது. இந்தியாவில் பறக்கும் பயணிகள் விமானங்களில் பெரும்பங்கு இன்றைக்கும் வாடகை விமானங்கள்தான். மதுரையில் படிக்கட்டு ஏறி உள்ளே நுழையும்போது கதவுச் சட்டத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். சில விமானங்களில் ஒரு சின்ன உலோகத் தகடு இருக்கும். அதில் பெரும்பாலும் டப்ளினிலோ வேறு வெளிநாட்டிலோ உள்ள ஏதோ ஒரு நிறுவனத்தின் பெயர் இருக்கும். வால் பகுதியில் எழுதியிருக்கும் பெயர் விமானத்தை இயக்கும் நிறுவனத்துடையது. தகட்டில் இருப்பது உரிமையாளருடையது.

அந்த உரிமையாளரைத் தொழிலில் லெஸ்ஸார் என்பார்கள். அந்தப் பக்கம் உட்கார்ந்து வேலை பார்க்கக் கணக்கும் சட்டமும் தெரிந்தவர்கள் வேண்டும், எஞ்சின் ஆவணங்களைப் படிக்கத் தெரிந்தவர்களும் வேண்டும். மூன்று வகைப் பிள்ளைகளும் மதுரையில் நிறையவே இருக்கிறார்கள். தியாகராசர் மேலாண்மைப் பள்ளியில் எம்.பி.ஏ. முடித்தவர்கள், அரசு சட்டக் கல்லூரியில் படித்து உயர்நீதிமன்றக் கிளையில் ஜூனியராக இருப்பவர்கள், சி.ஏ. ஆர்ட்டிகிள்ஷிப்பில் இருப்பவர்கள், திருப்பரங்குன்றத்தில் மெக்கானிக்கல் படித்தவர்கள். இவர்களுக்கு முன்னால் இருக்கும் வழிகளைத்தான் இங்கே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பெரும்பாலோருக்கு வேலை முதலில், பயிற்சி அப்புறம். பெரிய கடன் வாங்கிப் போகும் பட்டம் ஒரு சிலருக்கு மட்டும்தான் பொருந்தும்.

இதில் கற்க வேண்டியது என்ன?

எதையும் ஒப்பிடுவதற்கு முன்னால் பாடம் எது என்று தெரிய வேண்டும். ஒரு உதாரணக் கணக்கு. விமானத்தின் விலை 5 கோடி டாலர். மாத வாடகை விலையில் 0.7 சதவீதம் என்றால் 3.5 லட்சம் டாலர். இந்த விகிதத்தைத்தான் லீஸ் ரேட் ஃபேக்டர் என்கிறார்கள். மூன்று மாத வாடகையை டெபாசிட்டாக வாங்கினால் 10.5 லட்சம் டாலர். 12 வருடக் குத்தகை என்றால் மொத்த வாடகை 5.04 கோடி. பார்த்தால் போட்ட விலை திரும்பி வந்த மாதிரி இருக்கும். ஆனால் அந்த விமானத்தை வாங்க லெஸ்ஸார் கடன் வாங்கியிருப்பார், அதற்கு வட்டி கட்டியிருப்பார். அப்படியென்றால் லாபம் எங்கே? 12 வருடம் கழித்துத் திரும்பி வரும் விமானத்தின் விலையில். அந்த எஞ்சிய மதிப்பைச் சரியாகக் கணிப்பதுதான் இந்தத் தொழிலின் உயிர்.

அந்த விலையைத் தீர்மானிப்பது எஞ்சினும் ஆவணங்களும். வாடகை வீட்டைக் காலி செய்யும்போது வெள்ளையடிக்க என்று ஒரு மாத வாடகையை அட்வான்ஸில் பிடித்துக்கொள்வார்களே, அதன் பெரிய உருவம்தான் மெயின்டனன்ஸ் ரிசர்வ். எஞ்சின் எத்தனை மணி நேரம் ஓடியது, எத்தனை முறை ஏறி இறங்கியது என்று கணக்கிட்டு மாதாமாதம் வசூலிப்பார்கள். மதுரை–சென்னை மாதிரி ஒரு மணி நேரத் தடத்தில் ஓடும் விமானத்துக்கு, நீண்ட தடத்தில் ஓடும் விமானத்தைவிட ஏற்ற இறக்கக் கணக்கு வேகமாக ஏறும். எஞ்சினுக்குள் இருக்கும் ஆயுள் வரையறுக்கப்பட்ட பாகங்கள் அந்தக் கணக்கில்தான் தேய்கின்றன. வெயில், தூசி, கடல் காற்று எல்லாமே விலைக்குள் வரும். ஒரு பாகத்தின் பிறப்பு முதல் இன்றுவரை உள்ள காகிதச் சங்கிலியில் ஒரு தாள் காணவில்லை என்றாலும் அந்தப் பாகத்தின் மதிப்பு அடிபடும்.

சட்டப் பக்கம் கேப் டவுன் ஒப்பந்தம் இருக்கிறது. 2001-இல் கையெழுத்தானது, இந்தியா 2008-இல் சேர்ந்தது. வாடகை கட்டாத நிறுவனத்திடமிருந்து விமானத்தை மீட்க உரிமையாளருக்கு என்ன வழி என்பதுதான் அதன் மையம். இப்படிப் பணம், எஞ்சின், சட்டம் மூன்றும் ஒரே ஒப்பந்தத்துக்குள் கோத்துக்கொண்டு நிற்கின்றன. எந்தப் படிப்பை எடைபோட்டாலும் இந்த மூன்றில் எதை எவ்வளவு ஆழமாகத் தருகிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

மூன்று முதல் ஐந்து நாள் தொழில்முறைப் பயிற்சி

டப்ளின், சிங்கப்பூர், துபாய் போன்ற ஊர்களில் நேரடியாகவும் இணைய வழியிலும் இவை நடக்கின்றன. சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கமான ஐ.ஏ.டி.ஏ.வும் விமானம் வாங்குவது, நிதி திரட்டுவது பற்றிய வகுப்புகள் வைத்திருக்கிறது. சந்தை நிலவரம், குத்தகை வகைகள், சேல் அண்ட் லீஸ்பேக் (விமானத்தை விற்றுவிட்டு அதையே குத்தகைக்கு எடுப்பது), கேப் டவுன், ரீடெலிவரி (குத்தகை முடிந்து விமானத்தைத் திருப்பிக் கொடுப்பது), கடைசியில் ஒரு கேஸ் ஸ்டடி என்பதுதான் பொதுவான அமைப்பு. கட்டணம் டாலரில் ஆயிரங்களைத் தொடும். நேரடி வகுப்பு என்றால் விசாவும் விமான டிக்கெட்டும் அறை வாடகையும் தனி.

இந்த வகுப்பின் பலம், நடத்துகிறவர்கள் பெரும்பாலும் தொழிலில் இருந்தவர்கள் என்பது. ஒப்பந்தத்தின் ஒரு வரிக்காக ஒரு வாரம் சண்டை போட்டவர் அந்த வரி ஏன் முக்கியம் என்று சொல்லும்போது, அது புத்தகத்தில் கிடைக்காத பாடம். ஆனால் அதை வாங்கிக்கொள்ள எதிரில் இருப்பவருக்கு ஏதாவது அனுபவம் இருக்க வேண்டும். ஏற்கெனவே வங்கியிலோ, விமான நிறுவனத்திலோ, சட்ட அலுவலகத்திலோ ஒரு குத்தகைக் கோப்பைக் கையில் தொட்டவருக்கு இந்த ஐந்து நாள் கொட்டிக் கொடுக்கும். பி.காம் முடித்த கையோடு வீட்டு நகையை வைத்துப் போகிறவருக்குக் கிடைப்பது ஒரு சான்றிதழும் கொஞ்சம் புதுச் சொற்களும்தான். அந்தச் சான்றிதழை மட்டும் பார்த்து வேலை கொடுக்கும் நிலை இந்தத் தொழிலில் இல்லை. ஆகவே பட்டதாரிகளுக்கு முதல் படியாக இதை நான் சொல்ல மாட்டேன். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் கழித்து, முடிந்தால் நிறுவனத்தின் செலவில் போங்கள்.

டப்ளினில் ஒரு வருடம்

ஏன் அயர்லாந்து என்று கேட்பவர்களுக்கு: 1975-இல் ஷானனில் டோனி ரயன் ஜி.பி.ஏ. என்ற குத்தகை நிறுவனத்தைத் தொடங்கினார். 1992-இல் அதன் பங்கு வெளியீடு தோற்று நிறுவனம் சரிந்தது. ஆனால் அங்கே தொழில் கற்றவர்கள் பிரிந்துபோய்ப் பல நிறுவனங்களை உருவாக்கினார்கள். 12.5 சதவீதக் கம்பெனி வரியும் சாதகமான வரி ஒப்பந்தங்களும் சேர்ந்துகொள்ள, உலகின் மிகப்பெரிய குத்தகை நிறுவனமான ஏர்கேப் இன்றைக்கு டப்ளினில் இருக்கிறது. அவோலனும் எஸ்.எம்.பி.சி.யும் அங்கேதான். கேப் டவுன் ஒப்பந்தத்தின் சர்வதேசப் பதிவேட்டை நடத்தும் அலுவலகமும் அதே ஊரில்.

யூனிவர்சிட்டி காலேஜ் டப்ளினின் ஸ்மர்ஃபிட் பள்ளியில் ஏவியேஷன் ஃபைனான்ஸ் என்றே ஒரு எம்.எஸ்ஸி. இருக்கிறது. ஒரு வருடப் படிப்பு. மதிப்பீடு, கடன் கட்டமைப்பு, ரிஸ்க் எல்லாம் நிதானமாக வரும்; ஐந்து நாள் பயிற்சியோடு ஆழத்தில் ஒப்பிடவே முடியாது. இன்னொரு பெரிய ஆதாயம் படிப்புக்கு வெளியே இருக்கிறது. முதுநிலை முடித்தவர்கள் வேலை தேடவும் பார்க்கவும் 24 மாதம் வரை அங்கே தங்கலாம். தொழில் நடக்கும் தெருவிலேயே இருந்துகொண்டு வேலை தேடுவதற்கு ஈடு இணை கிடையாது.

செலவுதான் கனமானது. ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருகிறவர்களுக்குக் கட்டணம் கூடுதல். அதற்கு மேல் டப்ளின் வீட்டு வாடகை உள்ளூர்க்காரர்களையே திணறடிக்கிற அளவுக்கு இருக்கிறது. வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்கிப் போகும் பிள்ளை மனதில் கொள்ள வேண்டியது இது: குத்தகை நிறுவனங்கள் பணத்தில் பெரியவை, ஆள் எண்ணிக்கையில் சிறியவை. சில நூறு பேரை வைத்துக்கொண்டே ஆயிரக்கணக்கான கோடி டாலர் சொத்தை நிர்வகித்துவிடுகிறார்கள். ஆக, இடங்கள் குறைவு, போட்டி அதிகம். "அண்ணே, அங்க போய்ட்டா வேலை நிச்சயமா?" என்று கேட்கும் தம்பிமார்களுக்கு நிச்சயம் என்று என்னால் சொல்ல முடியாது. சி.ஏ. முடித்து மூன்று நான்கு வருடம் வங்கிக் கடன் பிரிவிலோ பெரிய ஆடிட் நிறுவனத்திலோ இருந்தவர் போனால் கதை வேறு. அவருக்கு இந்தப் பட்டம் கதவைத் திறக்கும். பட்டப்படிப்பு முடித்து நேராகப் போகிறவருக்கு அதே பட்டம் ஒரு பெரிய பந்தயம்.

வக்கீல்களுக்கு ஒரு கிளை வழி உண்டு. அயர்லாந்து சட்டச் சங்கம் விமானக் குத்தகைக்கும் நிதிக்கும் தனி டிப்ளமா நடத்துகிறது. சட்டம் படித்தவருக்கு எம்.எஸ்ஸி.யைவிட இது நேரான பாதை.

கிஃப்ட் சிட்டியும் சொந்தப் படிப்பும்

மூன்றாவது வழிக்குப் பளபளப்பான பெயர் எதுவும் இல்லை. குஜராத்தில் காந்திநகர் பக்கம் இருக்கும் சர்வதேச நிதிச் சேவை மையமான கிஃப்ட் சிட்டியில் விமானக் குத்தகையை நிதித் தயாரிப்பாக (ஃபைனான்ஷியல் ப்ராடக்ட்) 2020-இல் அறிவித்தார்கள். 2022-இல் அதற்கான விதிமுறைகளைச் செம்மைப்படுத்தினார்கள். ஆப்பரேட்டிங் லீஸ் (விமானத்தின் உரிமை கைமாறாத வாடகைக் குத்தகை) தொழில் தொடங்கக் குறைந்தபட்ச மூலதனம் 2 லட்சம் டாலர்தான். ஏர் இந்தியா தன் முதல் ஏ350 விமானத்தை 2023-இல் இந்த வழியாகத்தான் கொண்டுவந்தது. நிறுவனங்கள் அங்கே வர வர, அவற்றின் கணக்கை எழுத, வரி பார்க்க, ஒழுங்குமுறை ஆணையத்துக்கு அறிக்கை அனுப்ப ஆள் தேவைப்படுகிறது. அந்த வேலைகள் பெரும்பாலும் சி.ஏ., கம்பெனி செக்ரட்டரி நிறுவனங்கள் வழியாக வருகின்றன. இதைத்தான் மதுரைப் பிள்ளைகள் முதலில் பார்க்க வேண்டும் என்கிறேன்.

சி.ஏ. படிக்கிறவருக்கு ஒரு பாதி ஏற்கெனவே கையில் இருக்கிறது. இன்ட் ஏ.எஸ். 116 கணக்கு விதி 2019 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபோது, அதுவரை குறிப்புகளுக்குள் கிடந்த விமான வாடகைப் பொறுப்புகள் விமான நிறுவனங்களின் இருப்புநிலைக் குறிப்பில் கடனாக ஏறின. பரீட்சைக்குப் படித்த அந்த விதியை இண்டிகோவின் ஆண்டறிக்கையில் தேடிப் பாருங்கள். டாலர் ஏறும்போது அந்தக் கடன் எப்படி வீங்குகிறது என்று ஒரு மாலை உட்கார்ந்து கணக்குப் போட்டால் போதும். ஏர்கேப் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையத்துக்கு ஆண்டுதோறும் தரும் அறிக்கையும் இலவசம். ஐ.ஏ.டி.ஏ. வெளியிட்ட குத்தகை வழிகாட்டி நூலும் காசில்லாமல் கிடைக்கிறது. டெபாசிட், ரிசர்வ், ரீடெலிவரி நிபந்தனைகள் எல்லாம் அதில் ஒப்பந்த வரியோடு விளக்கப்பட்டிருக்கும்.

சட்டத்தில் இந்த வழி மற்ற இரண்டையும் விஞ்சுகிறது என்பேன். வெளிநாட்டு வகுப்புகள் ஆங்கிலேயச் சட்டத்தின் கீழ் எழுதிய குத்தகையைத்தான் மையமாக வைக்கின்றன, அது தேவையும்கூட. ஆனால் இந்தியாவில் விமானம் மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்ற பாடம் கோ ஃபர்ஸ்ட் வழக்கில் இருக்கிறது. 2023 மே மாதம் அந்த நிறுவனம் திவால் மனு போட்டது. கடன் மீட்புத் தடை வந்ததால், விமானங்கள் தங்களுடையவை என்று தெரிந்தும் உரிமையாளர்களால் தொட முடியவில்லை. அக்டோபரில் மத்திய அரசு விமானங்களுக்கு அந்தத் தடையிலிருந்து விலக்கு அளித்தது. 2024 ஏப்ரலில் உரிமையாளர்கள் எடுத்துச் செல்ல வழியாக, டெல்லி உயர்நீதிமன்றம் அவற்றின் இந்தியப் பதிவை ரத்து செய்ய உத்தரவிட்டது. ஏறத்தாழ ஒரு வருடம் விமானங்கள் தரையில் நின்றன. கேப் டவுன் ஒப்பந்தத்துக்கு உள்நாட்டில் முழு வலு கொடுக்கும் தனிச் சட்டம் 2025-இல்தான் வந்தது. அந்தத் தீர்ப்பையும் இந்தச் சட்டத்தையும் சேர்த்து வைத்துப் படித்த ஒரு மதுரை ஜூனியர் வக்கீல், இந்த ஒரு விஷயத்தில் டப்ளினில் படித்தவருக்குச் சமமாகப் பேச முடியும்.

குறை இல்லாமல் இல்லை. கிஃப்ட் சிட்டியில் தொடக்க நிலை வேலை பெரும்பாலும் இணக்க அறிக்கை, வரி, கம்பெனிப் பதிவு. எந்த விமானத்தை வாங்கலாம், என்ன வாடகை கேட்கலாம் என்ற முடிவுகள் இன்னும் பெரும்பாலும் டப்ளினிலும் சிங்கப்பூரிலும்தான் எடுக்கப்படுகின்றன. அந்த மேசைக்குப் போக ஆசைப்படுகிறவர் ஒரு கட்டத்தில் வெளியே போய்த்தான் ஆக வேண்டும். அப்போது அந்த எம்.எஸ்ஸி.யோ ஐந்து நாள் வகுப்போ அர்த்தமுள்ளதாக ஆகும்.

பொறியியல் படித்தவர்களுக்கு

மேலே சொன்ன மூன்றும் கணக்கு, சட்டப் பிள்ளைகளை மனதில் வைத்தவை. மெக்கானிக்கல், ஏரோநாட்டிக்கல் படித்தவர்கள் நிதி வகுப்புக்குப் பணம் கட்டுவதைவிட, விமானப் பராமரிப்பு நிறுவனத்தின் டெக்னிக்கல் ரெக்கார்ட்ஸ் பிரிவில் நுழைவது மேல். விமானம் திரும்பி வரும்போது லெஸ்ஸார் சார்பில் நின்று ஒவ்வொரு தாளையும் சரிபார்க்கிறவருக்கு நல்ல மதிப்பு உண்டு. நிதிக்காரர்களுக்குப் பிடிபடாத மொழி இவர்களுக்குப் பிடிபடும். குத்தகைக் கணக்கைப் பிறகு கற்றுக்கொள்ளலாம்.

எந்தப் பயிற்சிக்குப் பணம் கட்டினாலும் அதற்கு முன்னால் நான்கு விஷயங்களைக் கேட்டு வாங்குங்கள். நடத்துகிறவர் எந்த நிறுவனத்தில் என்ன பொறுப்பில் இருந்தார்? முழுக் குத்தகை ஒப்பந்தம் ஒன்றை வரிவரியாகப் படிக்க வைப்பார்களா? எக்செல்லில் வாடகையும் எஞ்சிய மதிப்பும் நீங்களே போட்டுப் பார்க்க இடம் உண்டா? போன முறை படித்தவர்களில் இரண்டு பேருடைய எண் கிடைக்குமா? இதற்கெல்லாம் நேரான பதில் வராமல், விமானப் படங்கள் நிறைந்த கையேட்டை மட்டும் அனுப்புகிற இடத்துக்குப் பணம் கட்டாதீர்கள்.